ஒத்தைக்கால் அன்னம் போட்ட முட்டை

"சாயமா? நானா? நல்லா கேட்டீங்க அத்தை! இன்னொரு தடவ கேளுங்க, தறிச் சத்தத்துல கடைசி வீட்டுக்குக் காதுல விழுந்திருக்காது! எங்க காலேஜ் லேப்ல பியூரெட்டே ஒழுகுது. குழாயில தண்ணி வந்தா அன்னைக்கு எங்களுக்குத் திருவிழா. அங்க உக்காந்து நான் முட்டைக்குக் கரை போட்டேனாக்கும்! நான் வரைஞ்ச பீக்கரைப் பாத்துட்டு எங்க மேடம் 'என்னம்மா இது, பூசணிக்காயா'ன்னு கேட்டவங்க. இந்தக் கை அன்னம் வரையுமா? அதுவும் வரிசையா? அதுவும் எல்லாமே ஒத்தைக் கால்ல நிக்குற அன்னமா? என்னது? ஊரை ஏமாத்துறமா? எங்கம்மாவா? அந்த வார்த்தையக் கொஞ்சம் கீழ எறங்கி வந்து சொல்லுங்க பாப்போம்! கோழியை அறுக்கணுமா? வெளக்கு வெக்கிறதுக்குள்ளயா? இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணணுமா? ஜன்னலை ஏன் சாத்துறீங்க, நான் இன்னும் முடிக்கல!"

சிந்துஜா நட்டநடுச் சந்துல நின்னா. எடது கக்கத்துல கோழி, வலது கையில முட்டை. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருசம் படிக்கிற புள்ள, காலேஜ் பஸ்ஸ விட்டுட்டு, தலையக்கூட ஒழுங்காப் பின்னாம, மாடி ஜன்னலைப் பாத்துக் கத்திட்டு இருந்தா. அவ கக்கத்துல இருந்த கோழியோ, நடக்குறது தன் உசிர் வழக்குங்கிற நெனப்பே இல்லாம, மத்தியானச் சாப்பாடு முடிச்ச மாமியார் மாதிரி கண்ணைச் சொக்கிக்கிட்டு இருந்துச்சு.

சேலத்துப் பக்கம் புடவை நெய்யுற ஊருங்கள்ல ஒண்ணுல, கரட்டுக் குன்றுக்குக் கீழ இருக்கு அந்தச் சந்து. ரெண்டு பக்கமும் லைன் வீடு, வீட்டுக்கு வீடு முன்கட்டுல பவர்லூம் தறி. மாடியில இருக்குறது வீட்டுக்கார அம்மா லோகாம்பா. கீழ இருக்குறவங்க எல்லாரும் அந்தம்மாவுக்கு வாடகை குடுக்குறவங்க, அந்தம்மா சொல்லுக்குத் தலையாட்டுறவங்க, சிந்துஜாவத் தவிர. சிந்துஜா சின்ன வயசுலயே பல் வெளக்கிக்கிட்டே சண்டை போட்டவ, இப்ப படிப்பு வேற சேந்துக்கிச்சு.

கோழி வந்த கதைய யாரும் பெருசாப் பேசுனது இல்ல. பக்கத்து வீட்டு ராஜாமணியோட தம்பி புடவை பேல் ஏத்துற லாரி ஓட்டுறவன், வடக்க எங்கயோ போயிட்டு வரும்போது தார்ப்பாய்க்கு அடியில இது உக்காந்திருந்துச்சு, அவ்வளவுதான். பொறந்ததுல இருந்தே வால் கிடையாது, பின்பக்கம் வழிச்செடுத்த மாதிரி உருண்டையா இருக்கும். ஆனா ரெண்டு காதுக்கிட்டயும் கொத்துக் கொத்தா இறகு நீட்டிக்கிட்டு, ஜிமிக்கி மாட்டுன மாதிரி ஆடும். மேல் இறகெல்லாம் கருப்பு, ஒவ்வொண்ணு ஓரத்துலயும் பொன் இழை ஓட்டுன மாதிரி ஒரு கோடு. "வாலில்லாத மூளிய வீட்டுல வெச்சா வெளங்குமா"ன்னு ஆளாளுக்கு ஒதுங்குனப்போ, சிந்துஜாவோட அம்மா பாக்கியம்தான் முறத்துல நொய்யோட வந்து, "காதுல தோடு போட்டு வந்த பொம்பளப் புள்ள, ஒரு வாய் திங்காம எப்படி அனுப்புறது"ன்னு உள்ள கூட்டிக்கிட்டா. பேரும் அவளே வெச்சா, ஜிமிக்கி.

ஜிமிக்கி மொத முட்டை போட்டப்போ சந்தே பயந்து போச்சு. வெளிர் நீலம். அடை மழை விட்ட அடுத்த நாள் வானம் மாதிரி வெறும் நீலம். சிந்துஜா போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு எல்லாருக்கும் காட்டுனா, தென் அமெரிக்காவுல இப்படி ஒரு கோழி சாதி இருக்கு, அதுக்கும் வால் கிடையாது, அதுக்கும் காதுல குஞ்சம் உண்டு, அது போடுறதும் நீல முட்டைதான், ஓட்டுக்குள்ள நிறம் ஊறியே வரும், பயப்பட ஒண்ணும் இல்லன்னு. எல்லாரும் கேட்டாங்க, கேட்டுட்டு இன்னும் கொஞ்சம் பயந்தாங்க. முழுசா ஒரே நிறம், ஓரம் இல்ல, முடிவு இல்ல, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியாத ஒரு பொருளை அந்தச் சந்துக்காரங்க வாழ்க்கையில பாத்ததில்ல. ராஜாமணி அந்த முட்டையத் துணி போட்டு மூடி வெச்சா.

அடுத்த முட்டை மாம்பழக் கலர்ல வந்துச்சு. அரக்குல கரை, கரைக்குள்ள ருத்ராட்சம், கூர்முனைப் பக்கம் குறுக்கால வரி வரியா முந்தி. பாத்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. அப்பாடா, கரை இருக்கு, முந்தி இருக்கு, இது நம்ம ஊர் முட்டைதான். அதிசயம்னு யாரும் வாயைப் பொளக்கல. முட்டையக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பி, "ஊடை இழை நல்லா நெருக்கமா விழுந்திருக்கு"ன்னு ஒருத்தர் சொல்ல, "சரிகைதான் கொஞ்சம் மட்டம்"னு இன்னொருத்தர் சொல்ல, ராஜாமணி எட்டிப் பாத்துட்டு, "அட, இது என் நிச்சயதார்த்தப் புடவையில்ல!"ன்னா.

போய் பீரோவைத் தொறந்தா, அடியிலயும் அடியில, மத்த துணிக்கெல்லாம் கீழ, அந்துருண்டை வாசத்தோட அது கெடந்துச்சு. நல்ல நாளுக்கு ஆகும்னு எடுத்து வெச்சவ, நல்ல நாள் எப்ப வந்துச்சு எப்பப் போச்சுன்னு தெரியாம அப்படியே விட்டிருந்தா. எடுத்த புடவைய மறுபடி மடிச்சு வெக்க அவளுக்குக் கை வரல. மறுநாள் காலையில தண்ணி வந்தப்போ, மாம்பழக் கலர்ல நாலு கொசுவம் வெச்சு, பிளாஸ்டிக் கொடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு, ராணி மாதிரி குழாயடிக்கு வந்தா. யாரும் அவளை முந்தல. அன்னைக்கு மொதக் கொடம் அவளுது.

அப்புறம் அது வழக்கமாச்சு. யார் சொல்லியும் வரல, யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணல. முட்டையில எந்தப் புடவை வருதோ, அது யார் வீட்டுல கெடக்குதோ, முட்டை அந்த வீட்டுக்கு. அந்த வீட்டுப் பொம்பள மறுநாள் காலையில அதக் கட்டிக்கிட்டுக் குழாயடிக்கு வரணும். தினமும் விடிஞ்சா "இன்னைக்கு யாருது?"ன்னு கேட்டுக்கிட்டே வாசல் தெளிச்சாங்க. கத்திரிப்பூ கலர் வந்துச்சு, மயில்கழுத்து வந்துச்சு, எலிக் கலர்ல வெள்ளிப் புட்டா போட்டது வந்துச்சு, மூணு வீடு தள்ளி வேதநாயகி டீச்சருக்கு ராமர் பச்சை வந்துச்சு. டீச்சர் சுத்த சைவம், முட்டையத் தொடமாட்டாங்க, ஆனா அது தன் மொதச் சம்பளத்துல எடுத்த புடவைன்னு தெரிஞ்சதும், ஒரு டம்ளர் நெறைய அரிசி போட்டு, "தொடலையே, உக்கார வெச்சிருக்கேன், அவ்வளவுதான"ன்னு டிவி மேல வெச்சுக்கிட்டாங்க. சந்து முனைத் தையல்காரர் முபாரக் பாய்க்குக் கை ஓயல. புடவை அப்படியே இருக்கு, பொம்பளைங்கதான் அப்படியே இல்ல. பழைய ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சு ரெண்டு பக்கமும் பட்டி வெச்சுத் தச்சுக் குடுத்துக்கிட்டே, "உங்க கோழி எனக்குத்தான் முட்டை போடுது"ன்னு சிரிச்சார். காய்கறி வண்டிக்காரர் மொத நாள் சந்துக்குள்ள பட்டும் பளபளப்புமாப் பாத்துட்டு, "யார் வீட்டுல கல்யாணம்?"னு கேட்டார். "கல்யாணம் இல்லீங், முட்டை"ன்னாங்க. "ஓ, சரி சரி"ன்னுட்டு கத்திரிக்காய எடை போட்டார். ஒருநாள் வெள்ளை வெளேர்னு, ஓரத்துல மெல்லிசாப் பச்சைக் கரையோட ஒரு முட்டை வந்துச்சு, பாத்தா ராஜாமணி புருசனோட கல்யாண வேட்டி. வழக்கம்னா வழக்கம்தான்னு பொம்பளைங்க விடல. அந்த மனுசன் வேட்டியக் கட்டிக்கிட்டு, ஜென்மத்துல மொதத் தடவையா ஒரு கொடம் தண்ணி சொமந்தார். பாதி வழியில கொட்டுனாலும் சொமந்தார்.

சந்துல சண்டை கொறஞ்சுதான்னு கேட்டா, இல்ல. பட்டு கட்டிக்கிட்டு சண்டை போட்டாங்க. அது பாக்க நல்லா இருந்துச்சு.

ரெண்டே வீட்டுக்குத்தான் முட்டை வரல. ஒண்ணு லோகாம்பா வீடு. சந்துலயே பெரிய பீரோ அந்தம்மாவுதுதான், மூணு கதவு, நடுவுல ஆளுயரக் கண்ணாடி, உள்ள என்ன கெடக்குன்னு அந்தம்மாவுக்கே தெரியாது. அப்படியும் ஒரு கர்ச்சீப்புகூட முட்டையில வரல. இன்னொண்ணு கோழி வளத்த பாக்கியம் வீடு. பாக்கியத்துக்குப் பீரோவே கிடையாது, ஒரு தகரப் பெட்டி, அதுல எடுத்துக் கட்டுற மாதிரி எதுவும் இல்ல. அவ அதைப் பத்திக் கவலைப்பட்டவ மாதிரியும் தெரியல. குழாயடியில ஒவ்வொருத்தி கட்டிட்டு வர்றப்பவும், முந்தியப் பிடிச்சுப் பின்பக்கம் திருப்பிப் பாத்து, "இந்தக் கரை நான் ஓட்டுனதுடி"ன்னு சொல்லிக்கிட்டு, அடுத்த கொடத்தை நகத்துவா. சிந்துஜாவுக்குத்தான் வயிறு எரியும். தீனி போடுறது யாரு, பீ அள்ளுறது யாரு, பட்டு கட்டுறது மட்டும் ஊராளா?

இன்னைக்குக் காலையில கூடைக்குள்ள கெடந்தது வெங்காயக் கலர் முட்டை. கிளிப்பச்சைக் கரை. கரையில அன்னம் வரிசையாப் போகுது, எல்லா அன்னத்துக்கும் ஒத்தைக் கால்.

ராஜாமணி கையில வாங்குனா, டீச்சர் தூரத்துல இருந்தே கண்ணாடியப் போட்டுப் பாத்தாங்க. ஒத்தைக்கால் அன்னம் ஒலகத்துலயே ஒரு புடவையிலதான் உண்டு. பாக்கியம் கன்னியா இருந்தப்போ அவங்கப்பன் வீட்டுக் கைத்தறியில அவளே நெய்தது. எந்த இழையத் தூக்கணும்னு தறிக்குச் சொல்ற, ஓட்டை போட்ட டிசைன் அட்டைங்களை மாலையாக் கோக்கும்போது, பேசிக்கிட்டே கோத்தா. பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ளையப் பத்தி யார்கிட்டயோ பேசுனா. அதுல அன்னத்தோட ஒரு காலுக்கு உண்டான அட்டைங்க விட்டுப் போச்சு. அவ பேச்சுல பூரிச்சு நெய்ய நெய்ய, அன்னம் அன்னமா ஒத்தைக் கால்ல நின்னுச்சு. புடவை முடிஞ்சு தறியில இருந்து அறுத்து விரிச்சப்போதான் கண்ணுல பட்டுச்சு. கடைக்காரர் "நொண்டி வாத்து எனக்கு வேணாம்"னு தூக்கி எறிஞ்சார். அப்பன் அடிக்கல, திட்டல, "சரி, உனக்கே ஆச்சு"ன்னு அதையே முகூர்த்தப் புடவையா வெச்சுட்டார். அதைக் கட்டித்தான் பாக்கியம் இந்தச் சந்துக்கு வாக்கப்பட்டு வந்தா. சிந்துஜா வயித்துல இருந்தப்போ, லோகாம்பா தங்கச்சி கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்னு அதை இரவல் வாங்கிட்டுப் போனா. சலவைக்குப் போட்ட எடத்துல தொலைஞ்சு போச்சுன்னு வந்து சொன்னா. தொலைஞ்சா என்ன பண்றதுன்னு பாக்கியம் விட்டுட்டா.

இப்ப முட்டை வந்திருக்கு. தொலைஞ்ச புடவை, தீஞ்ச புடவை, கிழிஞ்சு கரித்துணியாப் போன புடவை எதுவும் இதுவரைக்கும் முட்டையில வந்ததில்ல. எங்கயோ ஒரு பீரோவுக்கு அடியில மடிப்புக் கலையாமக் கெடக்குறதுதான் வரும். "பாக்கியம், உன் பெட்டியில இருக்கா?"ன்னு ராஜாமணி சும்மா ஒரு மொறைக்குக் கேட்டா. "எங்கிட்ட இல்லையே"ன்னா பாக்கியம். அப்ப வேற யார் வீட்டுலன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. கொடத்தைக் கீழ வெச்சுட்டு எல்லாரும் ஒண்ணாத் தலையத் தூக்கி மாடியப் பாத்தாங்க, அவ்வளவுதான்.

அந்தப் பார்வைக்கு மாடியில இருந்து வந்த பதில்தான் சாயம். படிச்ச புள்ள லேப்ல இருந்து மருந்து கொண்டாந்து கலர் ஏத்துறாளாம், ஆத்தாளும் மகளும் சேந்து ஊரை ஏமாத்துறாங்களாம், அந்தப் பித்தலாட்டக் கோழி இனி இந்தக் காம்பவுண்டுல ஆகாதாம், வெளக்கு வெக்கிறதுக்குள்ள அது குழம்புல கெடக்கணுமாம், இல்ல இவங்க தெருவுல கெடக்கணுமாம்.

சாத்துன ஜன்னலுக்குப் பின்னால இருந்தே லோகாம்பா பதில் சொல்லிக்கிட்டிருக்க, சிந்துஜா மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சா.

"அத்தை! அந்தப் புடவைய நான் பொறந்ததுல இருந்து கண்ணால பாத்ததில்ல! கல்யாணப் போட்டோவுல பாத்திருப்பேன்னா சொல்றீங்க? இருங்க, சொல்றேன்! எங்கப்பா வீட்டுல போட்ட மாலை இருக்கே, அது மாலையா, வைக்கப்போரா? கழுத்துல இருந்து கால் வரைக்கும் மாலைதான் தெரியுது, எங்கம்மா மூக்கு மட்டும் வெளிய தெரியுது! பாக்காத கரைய நான் எப்படி வரையறது? கனவுலயா? கோழி சாக்கடைத் தண்ணி குடிச்சு கலர் ஏறிடுச்சா? இப்பதான லேப்னு சொன்னீங்க, அதுக்குள்ள சாக்கடையா? ஏதாச்சும் ஒண்ணுல நில்லுங்க! அந்தச் சாக்கடையில உங்க சேவலும்தான் தெனமும் குளிக்குது, அது ஒரு லுங்கியாவது போட்டுச்சா?"

பக்கத்துத் தறி ஒண்ணு நின்னுச்சு. சண்டை சரியாக் கேக்கலன்னு ராஜாமணி புருசன்தான் நிறுத்தினார். அவரைப் பாத்து எதிர்வீடு நிறுத்துச்சு. அப்படியே ஒண்ணொண்ணா, சந்தோட ரெண்டு பக்கமும் டக்கடக்குன்னு அடிச்சுக்கிட்டிருந்த சத்தமெல்லாம் அடங்கிப் போச்சு. ஆயுத பூஜைக்குக்கூட அந்தச் சந்து இவ்வளவு அமைதியா இருந்ததில்ல.

பாக்கியம் ஈரக் கையத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்தா.

"ஏண்டி தொண்டையக் கிழிச்சுக்கிற? குடு அதை." முட்டைய வாங்கி, விரலால கரையத் தடவிப் பாத்தா. தடவத் தடவ அவ மூஞ்சி மலந்துச்சு. "பாருடி, நொண்டியா இருந்தாலும் நடை எப்படி இருக்குன்னு. ஒண்ணு பின்னால ஒண்ணு, ஜம்முனு போகுதுங்க."

"அம்மா! உன் முகூர்த்தப் புடவைம்மா அது! திருப்பிக் குடுன்னு கேளு! இத்தனை பேர் சாட்சிக்கு இருக்காங்க!"

"வாங்கி? எனக்கு அந்த ஜாக்கெட் எங்க பத்தும்?"

"முபாரக் பாய் தச்சுத் தருவார்!"

"நாலு பட்டி வெக்கணும்மா," முனையில இருந்து முபாரக் பாய் மரியாதையாச் சொன்னார்.

சந்தே சிரிச்சுச்சு. பாக்கியமும் சிரிச்சா. சிந்துஜா மட்டும் பல்லைக் கடிச்சா. "ஏமாத்துக்காரின்னு சொல்றாங்கம்மா உன்னை! கோழியை அறுக்கச் சொல்றாங்க! நீ சிரிக்கிற!"

"கோழியை யாரு அறுக்க விடப் போறா? கண்ணு, இங்க பாரு." பாக்கியம் குரலைத் தாழ்த்தல, மாடிக்கும் கேக்கட்டும்னே சொன்னா. "அன்னைக்கு லோகாக்கா அதைக் கட்டிக்கிட்டு மண்டபத்துக்குக் கெளம்புனப்போ நான் வாசல்ல நின்னு பாத்தேன். எனக்குப் பொருந்துனதவிட அவங்களுக்குப் பொருந்துச்சு. அந்த நெறத்துக்கு அந்தக் கலர் அப்படி எடுப்பா இருந்துச்சு. கழட்ட மனசு வந்திருக்காது. நான் மறைச்சுக் கட்டிக்கிட்டிருந்த கரைய, அவங்க வெளிய தெரிய இழுத்து விட்டுக்கிட்டாங்க, ஒத்தைக் கால்தான் அழகுங்கிற மாதிரி. அது என் வீட்டுக்கு வர வேணாம். வழக்கம் என்னமோ அது நடக்கட்டும். யார் வீட்டுல கெடக்குதோ அவங்க கட்டட்டும். அந்தப் புடவை நடந்து போறத நான் இன்னொருதரம் பாக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

சிந்துஜாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அவ அழுகைய அவ எப்பவும் கத்தித்தான் அடக்குவா. கேஸை ஜெயிச்சுக் கையில குடுத்தா, அம்மா அதை எதிர்க்கட்சிக்கே பரிசாக் குடுத்துட்டு நிக்கிறா. இப்படி ஒரு பொம்பளைக்கு வக்கீலா நிக்கிறதவிட கோழிக்கு நின்னுடலாம்னு தோணுச்சு. ஆனா அம்மா மொகத்தைப் பாத்தா அதுல விட்டுக் குடுத்த சோகம் ஒரு துளி இல்ல. கல்யாணப் பந்தியில மொத வரிசைக்கு எடம் பிடிச்சவ மாதிரி, முட்டைய உள்ளங்கையில வெச்சுக்கிட்டு மாடியப் பாத்து நின்னா.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. தறி ஓடியிருந்தா யாருக்கும் கேட்டிருக்காது. சாத்துன ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கிரீச்சுன்னு, ரொம்ப நாளா எண்ணெய் காணாத பீரோக் கதவு ஒண்ணு, கொஞ்சம் தொறந்துச்சு; நின்னுச்சு; இன்னும் கொஞ்சம் தொறந்துச்சு.

ராஜாமணி வாயில கைய வெச்சுக்கிட்டா. டீச்சர் கண்ணாடியக் கழட்டி, தொடச்சு, மறுபடி போட்டுக்கிட்டாங்க. ஜிமிக்கி ஒரு கண்ணைத் தொறந்து பாத்துட்டு மூடிக்கிச்சு. சந்து மொத்தமும் சிந்துஜாவப் பாத்துச்சு, ஏன்னா அடுத்த பேச்சு அவளுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

சிந்துஜா கோழிய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மாடிப்படி மொதப் படியில ஒரு காலை வெச்சு, தொண்டையச் செருமிக்கிட்டா.

"அத்தை! எங்கம்மா சொன்னது கேட்டுச்சுல்ல? திருப்பிக் கேக்கல. திருடுனீங்கன்னும் சொல்லல, சொல்லணும்னு நாக்கு நுனியில இருக்கு, அம்மாவுக்காக முழுங்குறேன்! சாயம் பூசுனேன்னு சொன்னதுக்கு நான் அப்புறம் தனியா வந்து உங்களோட சண்டை போடுறேன், அது என் கணக்கு. இப்ப சந்துக்குப் பொதுவா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஜன்னலுக்குப் பின்னால முணுமுணுக்காதீங்க, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதீங்க! ஜன்னலைத் தொறந்து, இத்தனை பேர் முன்னாடி, வாயத் தொறந்து சொல்லுங்க: நாளைக்குக் காலையில தண்ணி வரும்போது அந்த வெங்காயக் கலரைக் கட்டிக்கிட்டு, கரை வெளிய தெரிய, குழாயடிக்கு வர்றீங்களா, வரலையா?"